ஜார் மிச்சம்

மதுரையில் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கவே வேண்டாம். ஒரே வரிசையில் நாலு மருந்துக்கடையும் ரெண்டு ஜூஸ் கடையும் தெரிந்தால், எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். பெரியாஸ்பத்திரிப் பக்கம் போனாலும் இதே காட்சிதான், அண்ணா நகர், கே.கே. நகர்த் தனியார் ஆஸ்பத்திரிகள் பக்கம் போனாலும் இதே காட்சிதான். படுத்திருக்கிறவரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் நமக்குக் கிடையாது. முன்பு ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் கொண்டுபோனோம். இப்போது லிஃப்டில் ஏறும்போது பாதிப்பேர் கையில் பிளாஸ்டிக் டம்ளரோ, கழுத்து இறுகக் கட்டிய ஜூஸ் பையோ இருக்கிறது. உடம்பு முடியாதவருக்குப் பழச்சாறு என்பது நமக்குள் கேள்வி கேட்காமல் ஊறிப்போன விஷயம். உண்ணாவிரதம் இருக்கிறவரை எழுப்புவதற்கும் தலைவர்கள் பழரசம்தான் நீட்டுகிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தால் கையில் ஜூஸ் தருகிறார்கள். காய்ச்சல் விட்ட குழந்தைக்கு முதலில் ஞாபகம் வருவது சாத்துக்குடி. 'நல்லா தெம்பா ஒரு ஜூஸ் குடிச்சா எல்லாம் சரியாயிரும்' என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் வலது கால் கட்டைவிரலில் ஒரு புண். செருப்பு கடித்தது என்றுதான் நினைத்தோம். அவருக்குப் பதினைந்து வருஷச் சர்க்கரை. புண் ஆறாமல் கருத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுக்க வேண்டியதாயிற்று. அதில் முதல் ஏழு நாளும் தினம் ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் நான் வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் வாசலில் ஒரு டம்ளர் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். இந்த எட்டு டம்ளரைப் பற்றி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற விசாரணைதான் இந்தக் கட்டுரை. அது இன்னும் முழுசாக முடியவில்லை.

ஏழு டம்ளர்

ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில் இருந்த கடைக்காரர் கம்பம் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் பழம் அரிகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சாத்துக்குடியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கத்தியை ஒரு சுற்று விட்டால், தோல் ஒரே நாடாவாகக் கீழே கிடக்கும் கூடையில் விழும். பழத்தை நாலாக வகுந்து மிக்ஸி ஜாரில் போடுவார். சுவிட்சைத் தட்டித் தட்டி நிறுத்துவார். ஏன் ஒரேயடியாக ஓட விடுவதில்லை என்று கேட்டேன். "விதை உடையக் கூடாதுக்கா. உடைஞ்சா கசந்துரும், அப்புறம் எவ்வளவு சீனி போட்டாலும் எடுபடாது" என்றார். உடைக்காவிட்டாலும் சாத்துக்குடிச் சாறு வைத்திருந்தால் கசக்கும். விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கிற ஒரு பொருள், சாற்றின் புளிப்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசப்பாக மாறுகிறது. அதை லிமோனின் என்கிறார்கள். கடையில் நின்று குடித்தால் இனிக்கிற ஜூஸ், பார்சல் வாங்கி வைத்திருந்து குடித்தால் நாக்கில் இழுப்பது இதனால்தான்.

நான் படித்தவள், விவரம் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. முதல் நாளே தெளிவாகச் சொன்னேன்: "அண்ணே, சுகர் பேஷண்ட். ஒரு சொட்டு சீனி கூடாது, ஐஸ் கூடாது, தண்ணி கூடாது. வெறும் பழம் மட்டும்." அவரும் அப்படியேதான் போட்டுக் கொடுத்தார். அதை இங்கே சொல்லிவிட வேண்டும், அந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை. சாதாவுக்கு 60 ரூபாய், சீனியும் ஐஸும் இல்லாததற்கு 80. அந்த இருபது ரூபாயைக் கொடுக்கும்போதெல்லாம் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி வரும். சாயங்காலம் நாலரைக்கு ஆபீஸிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவருவேன். ஜூஸை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்பேன். அவர் மடமடவென்று குடிப்பார். டம்ளரைக் கழுவி வைப்பேன். சிஸ்டரிடம் ரெண்டு வார்த்தை, போனில் நாலு வார்த்தை, அப்புறம் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுவேன். ராத்திரி தம்பி வந்து தங்குவான்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் சர்க்கரைதான், அவருக்கும் காலில் கட்டுதான். அவர் மனைவி சாயங்காலமானால் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஒரு கமலா ஆரஞ்சை உரிக்க ஆரம்பிப்பார். தோலை எடுத்த பிறகு சுளைமேல் ஒட்டியிருக்கிற வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுப்பார். சுளையின் முதுகைக் கிள்ளி விதையைத் தள்ளுவார். ஒரு சுளையைப் பெரியவர் கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நடுவில் பேத்தி கதை, ஆடு கதை, கிணற்றுத் தண்ணீர் கதை. பாதிப் பழத்திலேயே அவர் "போதும்த்தா" என்று கையை விலக்கிக்கொள்வார். மிச்சத்தை அந்த அம்மா தன் வாயில் போட்டுக்கொள்வார். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் ஆகும். நான் காதில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது என்ன நினைத்தேன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாவம், இந்த அம்மாவுக்கு எதிரில் ஜூஸ் கடை இருப்பது தெரியவில்லை போல, இவர் பாதிப் பழம் சாப்பிடுகிற நேரத்தில் எங்கப்பா நாலு பழத்தின் சத்தையும் வாங்கிவிட்டாரே என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்குச் சாயங்காலச் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. காலையில் 150, 160 என்று அடங்கியிருக்கும். ஆறு மணிக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 290, 310. இன்சுலினைக் கூட்டினார்கள். மறுபடியும் அதேதான். ஏழாம் நாள் ஒரு டூட்டி டாக்டர், சின்னப் பெண், சார்ட்டைப் புரட்டிக்கொண்டே "நாலு மணிக்கு மேல ஐயா என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர், சீனி போடாத சாத்துக்குடி ஜூஸ் மட்டும்தான்" என்றேன். அவர் சார்ட்டை மூடினார். "எத்தனை பழம்?" "நாலு இருக்கும்." "ஐயா உக்காந்து நாலு சாத்துக்குடி சாப்பிடுவாங்களா?" நான் பதில் சொல்லவில்லை. "கடைக்காரர் சீனி போடலைங்க, சரி. பழத்துக்குள்ளயே இருக்குல்ல? நாலு பழத்துச் சீனியை ஒரே மூச்சுல உள்ள விட்டாச்சு. கிருமி இருந்தாலும் சுகர் ஏறத்தான் செய்யும், எல்லாத்தையும் ஜூஸ் மேல போட மாட்டேன். ஆனா இதை நிறுத்துங்க." திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நிறுத்தினோம். அடுத்த மூன்று நாளில் சாயங்காலக் கணக்கு 200க்குக் கீழே வந்தது.

டம்ளருக்குள் இருப்பது

வீட்டுக்கு வந்த பிறகு வெறி பிடித்த மாதிரி படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் 'கட்டற்ற சர்க்கரை' என்று ஒரு வகை சொல்கிறது. நாம் கையால் போடுகிற சீனியும் அதில் அடக்கம், தேனும் அடக்கம், பழச்சாற்றில் இயற்கையாகவே இருக்கிற சர்க்கரையும் அடக்கம். முழுப் பழத்தில் இருப்பதை அவர்கள் அதில் சேர்க்கவில்லை. அதே பழம், அதே சர்க்கரை, சாறாகப் பிழிந்ததும் கணக்கில் சீனியோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் இது போகக் கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறார்கள். ஐந்து பங்கு என்பது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம், ஆறு ஸ்பூன் சீனி. அப்பாவுக்கு நான் கொடுத்த முந்நூறு மில்லி சாத்துக்குடிச் சாற்றில் ஏறத்தாழ அவ்வளவு இருந்திருக்கும். ஒரு சொட்டுச் சீனி போடாமல்.

இதைவிட என்னை உலுக்கியது 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னச் சோதனை. பத்துப் பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கு ஒரு தடவை முழு ஆப்பிள், ஒரு தடவை மசித்த ஆப்பிள், ஒரு தடவை நார் நீக்கிய சாறு கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த அளவு ஒன்றேதான், 60 கிராம். சாற்றை அவர்கள் குடித்து முடித்த வேகம், முழுப் பழத்தைத் தின்ற வேகத்தைப்போலப் பதினோரு மடங்கு. பசி அடங்கியது முழுப் பழத்தில்தான் அதிகம், சாற்றில் குறைவு. சாறு குடித்தபின் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, அதன் பிறகு ரத்தச் சர்க்கரை சரேலென்று கீழே இறங்கியது. நார் போனால் மட்டும் இல்லை, பழம் மசிந்து உருக்குலைந்தாலும் இந்த மாற்றம் வரும் என்கிறார்கள். பதினோரு மடங்கு என்று படித்தபோது எனக்கு ஆப்பிள் ஞாபகம் வரவில்லை. மடியில் துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உசிலம்பட்டி அம்மாதான் ஞாபகம் வந்தார்.

2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை செய்கிற ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பல வருஷச் சாப்பாட்டுக் கணக்கு. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுசாகத் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவாகவும், ஜூஸ் நிறையக் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. இந்த மாதிரி ஆய்வு காரணத்தை அடித்துச் சொல்லாது, சேர்ந்து நிற்பதை மட்டும் காட்டும். ஆனால் 2023இல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிற தமிழ்நாட்டில், ஆஸ்பத்திரி வாசல்தோறும் 'சுகர் பேஷண்டுக்குத் தனியா' என்று கேட்டு வாங்குகிற என்னைப் போன்றவர்களைப் பற்றி அது எதையோ சொல்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் மோசம். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் அக்கறையோடு வாங்கிப் போகிற இளநீரிலும் ஜூஸிலும் பொட்டாசியம் நிறைய. கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, அது இதயத்தையே பாதிக்கும். இதை வார்டு வாசலில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

படிக்கப் படிக்க ஜூஸ் கடை என்றாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. 80 அடி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கோல்டு பிரெஸ் கடைக்கு ஆபீஸ் தோழி ஒருநாள் கூட்டிப்போனாள். ஏ.சி., மர நாற்காலி, கண்ணாடி பாட்டில். 300 மில்லி 240 ரூபாய். உடம்பில் இருக்கிற நச்சை வெளியேற்றும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன, நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லி அவள் மனசைக் கெடுப்பானேன் என்று பேசாமல் குடித்தேன். ருசியாக இருந்தது. அதுதான் உண்மை. ஆப்பிளும் இஞ்சியும் பீட்ரூட்டும் சேர்ந்து, தொண்டையில் மண்வாசனையோடு இறங்கியது. மெதுவாக நசுக்கிப் பிழிவதால் நுரை குறைவு, நிறம் சீக்கிரம் மங்குவதில்லை. ஆனால் நார் அங்கேயும் சக்கையாகத்தான் வெளியே விழுந்துகொண்டிருந்தது.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி எதிர்க்கடை அண்ணனிடமே ஒருநாள் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். மொத்தக் கொள்முதலில் கிலோ 60 ரூபாய்க்கு எடுக்கிறார், கிலோவுக்கு அஞ்சு பழம். வெறும் சாறாக ஒரு டம்ளருக்கு நாலு பழம், 48 ரூபாய் அதிலேயே போயிற்று. வாடகை, கரண்ட், கூட நிற்கிற பையன் சம்பளம், அழுகிப்போகிற பழம் எல்லாம் மேலே. "60 ரூபாய்க்கு முழுச் சாறு குடுத்தா பத்து நாள்ல கடைய மூடிறலாம்க்கா" என்றார். அதனால் சாதா டம்ளரில் ரெண்டு, ரெண்டரைப் பழம். மீதி இடத்தை ஐஸும் தண்ணீரும் நிரப்பும். தண்ணீரால் ருசி கெடாமல் இருக்கச் சீனிப்பாகு. அந்தப் பாகு கெட்ட எண்ணத்தில் சேர்க்கிறதில்லை, அறுபது ரூபாய்க்கு நமக்கு ஒரு டம்ளர் நிறைய வேண்டும் என்று நாம் கேட்பதால் சேருகிறது. அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததா, மீன் பெட்டிக்குப் போட வந்த பாளத்தின் துண்டா என்று பார்க்க வேண்டியது வேறு விஷயம், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுச் சாறு வாங்கினாலோ, எண்ணூறு கிராம் பழத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதிக்குமேல் கூடையில் போட்டுவிட்டு வருகிறோம். கடைக்குப் பின்னால் ஒரு செவலை மாடு தினமும் வந்து அந்தத் தோலையும் சக்கையையும் தின்றுவிட்டுப் போகும். எங்கப்பாவுக்கு வேண்டியிருந்த பாதி அந்த மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எட்டாவது டம்ளர்

எட்டு மாதம் கழித்து, பங்குனியில், அத்தை பேரனுக்குக் காதுகுத்து. அலங்காநல்லூர்ப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். கிடா வெட்டி, அடுப்பு மூட்டி, பந்தி விரிக்க மூன்று மணி ஆகும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. அப்பா காலை எட்டு மணிக்கு இன்சுலின் போட்டு ரெண்டு இட்லியோடு கிளம்பியிருந்தார். அதற்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை, நானும் கவனிக்கவில்லை. ரெண்டேகால் மணி இருக்கும். புளியமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் வியர்வை சூடாக இருக்கும், இது ஜில்லென்று இருந்தது. கை நடுங்கியது. "ஊருக்குப் போவோம், ஊருக்குப் போவோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பையிலிருந்த மெஷினை எடுத்துக் குத்திப் பார்த்தேன். 48.

அந்த டூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் அன்று சொல்லிக் கொடுத்தது தலைக்குள் ஓடியது. எழுபதுக்குக் கீழே போனால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை 15 கிராம். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு 15. ஏறிய பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. அப்பாவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. கோயில் வாசலில் சலங்கை கட்டிய கரும்பு மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை ஆலை இருந்த ஊர்ப்பக்கம், கரும்புக்கா பஞ்சம். செருப்புகூட இல்லாமல் அந்தச் சூட்டில் ஓடினேன். "அண்ணே, ஐஸ் வேணாம், இஞ்சி வேணாம், எலுமிச்சை வேணாம், வெறும் சாறு, சீக்கிரம்!" அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கோ பிழிந்து வைத்திருந்த டம்ளரை அப்படியே தூக்கிக் கொடுத்தார். காசுகூட அப்புறம்தான் கொடுத்தேன்.

நூறு மில்லி கரும்புச்சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை, ஆகவே அதைக் குறையுங்கள் என்று ஐ.சி.எம்.ஆர். 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் இருக்கிறது. அந்த வரியை நான் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டவள். அன்றைக்கு அந்தச் சாற்றைத்தான் அப்பாவின் உதட்டில் வைத்துக் கெஞ்சினேன். முக்கால் டம்ளர் குடித்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. பத்தாவது நிமிஷம் முகத்தில் ஆள் வந்தார். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, கண் அதே கண்தான், அதற்குள் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். "என்ன பாப்பா, ஏன் அழுகிற?" என்றார். பதினைந்தாவது நிமிஷம் 83.

அந்த நேரத்தில் கமலா ஆரஞ்சை உரித்து, நாரெடுத்து, சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் மெல்லும் நிலையிலேயே இல்லை. பழத்துக்குள் இருக்கிற தடைகள் எல்லாம் எடுக்கப்பட்டிருந்ததால்தான் அந்தச் சாறு அவரை எழுப்பியது. ஏழு நாள் சாயங்காலமும் அவர் ரத்தத்தில் ஏறியதும் அதே வேகம்தான். எட்டு மாதமாக நான் எதை வெறுத்துக்கொண்டிருந்தேனோ அதன் முன்னால் கைகூப்பி நிற்க வேண்டும்போல இருந்தது. கரும்பு அண்ணனிடம் காசு கொடுக்கப் போனபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பத்து ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "அப்பாவைப் பாருங்க தாயி" என்றார்.

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் நானும் அப்பாவும். ஊமச்சிகுளம் தாண்டியிருப்போம். கரும்புச்சாறு எப்படி இருந்தது என்று கேட்டேன். "அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில வாங்கிக் குடுப்பியே சாத்துக்குடி, அதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரே கசப்பு" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். ஏழு நாளும் மடமடவென்று குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்த மனிதர். "அப்புறம் ஏன்ப்பா குடிச்சீங்க? அதுவும் ஒரே மூச்சுல?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ வந்து நிக்கிறதே பத்து நிமிஷம். பாப்பாவை டியூஷன்ல இருந்து கூப்பிடப் போகணும். நான் மெதுவாக் குடிச்சா நீ டம்ளரைக் கழுவிட்டுக் கிளம்ப வேணாமா?"

ஊர் வந்து சேரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. அந்த எண்பது ரூபாயில் நான் என்ன வாங்கினேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாலு பழத்தை உட்கார்ந்து உரிக்க வேண்டிய நேரத்தை அந்தக் கடைக்காரர் ரெண்டு நிமிஷமாகச் சுருக்கித் தந்தார். அதில் மிச்சமான நேரத்தை நான் ஆபீஸுக்கும் போனுக்கும் கொடுத்தேன். வேலை பார்க்கிற பெண்ணுக்கு வேறு வழி என்ன என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. டியூஷனிலிருந்து மகளைக் கூட்டிவரத்தான் வேண்டியிருந்தது, அனுமதி கேட்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் உசிலம்பட்டி அம்மாவைப் பார்த்து நான் 'பாவம்' என்று நினைத்தது மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

ஒரு ஃபுல்லு

1992 வாக்கில், எனக்கு எட்டு வயது. மாதச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் தம்பியையும் மேலமாசி வீதிப் பக்கம் கூட்டிப்போவார். அங்கே ஒரு சின்ன ஜூஸ் கடை. கம்பம் பன்னீர் திராட்சையைக் கொத்துக் கொத்தாகக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் திராட்சைக்கு இப்போது புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. அப்போது எங்களுக்கு அது கறுப்புத் திராட்சை, அவ்வளவுதான். மிக்ஸி ஓடும்போது வருகிற வாசனைக்கே வாயில் எச்சில் ஊறும். ஊதாவும் சிவப்பும் கலந்த நுரை டம்ளர் விளிம்புக்குமேல் நிற்கும். நாங்கள் மீசை வரைந்துகொள்வோம். அந்தச் சந்தோஷத்தை நான் எந்தச் சர்க்கரைக் கணக்காலும் மறுக்க மாட்டேன். ஒரு டம்ளர் ஐந்து ரூபாய். அப்பா ஒரே ஒரு ஃபுல்தான் சொல்வார். "ரெண்டா பிரிச்சுக் குடுப்பா, பிள்ளைகளுக்கு" என்பார். கடைக்காரர் ரெண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, ஜாரின் அடியில் நிற்கிறதை ஒரு குட்டி டம்ளரில் கவிழ்த்து அப்பாவிடம் நீட்டுவார். தோலும் திப்பியுமாக ரெண்டு வாய் இருக்கும். அதுதான் அவர் பங்கு. அப்பாவுக்கு ஜூஸ் பிடிக்காது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம், கத்திரி வெயிலில், மூன்று மாதச் சோதனைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் புண் ஆறி, தழும்பு மட்டும்தான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.1 சதவீதம் என்று வந்திருந்தது. லீவு என்பதால் மகளும் கூட வந்தாள். வெளியே வந்ததும் அவள் எதிர்க்கடையைப் பார்த்துவிட்டு என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா! அப்பா எப்படி இருக்காங்க?" என்று கடை அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போய் நின்றார். "ஒரு திராட்சை, ஃபுல்லு. சீனி போட வேணாம் தம்பி. ரெண்டா பிரிச்சுக் குடுங்க, பிள்ளைகளுக்கு" என்றார். பிள்ளைகள் என்றது என் மகளையும் என்னையும்.

மிக்ஸி ஓடியது. அண்ணன் ரெண்டு டம்ளரில் ஊற்றினார். ஜாரை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, குட்டி டம்ளர் ஒன்றை எடுத்து அடியில் நின்றதை அதில் கவிழ்த்தார். அப்பாவிடம் நீட்டும் முன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் வாயைக் குடித்துவிட்டு அப்படியே இருந்தார். என்னப்பா என்று கேட்டேன். கையைக் காட்டி இரு என்றார். திராட்சைத் தோல் ஒன்று பல்லில் மாட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அதை மென்றுகொண்டிருந்தார். என் போன் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டேன். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.